ராபர்ட் கெல்சோ யாருடைய மகன்

"ராபர்ட் கெல்சோ யாருடைய மகன்?" என்று கேட்டார் வந்தவர்.

வணக்கம்கூடச் சொல்லவில்லை. கார் இன்னும் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது.

தாமார் டன்லப் ஆப்பிள் மரத்தடியில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"முதலில் வண்டியை நிறுத்திவிட்டு வாருங்கள்."

வந்தவர் பெயர் ஹியூ கெல்சோ. ஒஹாயோவில் பாலங்கள் கட்டிக் கட்டியே தலை நரைத்தவர். அறுபதைத் தாண்டியிருந்தார். தாமாருக்கும் ஏறத்தாழ அதே வயதுதான். வர்ஜீனியா மலைகளுக்கு நடுவே இருந்த அந்தப் பள்ளத்தாக்கில், முன்னோர்களைத் தேடி வருகிறவர்களுக்குத் தேடும் வழியைச் சொல்லிக்கொடுக்கும் பெண்மணி அவர். வந்தவர்கள் எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

"யார் அந்த ராபர்ட்?" என்றார் தாமார்.

"எங்கள் குடும்பத்தில் கடல் தாண்டி வந்த முதல் ஆள். இது இன்னும் பிரிட்டிஷ் காலனியாக இருந்த காலம். ஸ்காட்லாந்திலிருந்து வட அயர்லாந்துக்குப் போய்க் குடியேறியிருந்த ஜனங்களில் ஒருவர். அங்கேயும் பிழைக்க முடியாமல் கப்பலேறியிருக்கிறார். பிலடெல்பியாவில் இறங்கி, வண்டித்தடம் போன வழியே தெற்கே நடந்து, இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார். அதுவரை தெரியும். அவருடைய அப்பா யாரென்று தெரியவில்லை."

"தெரிந்து என்ன செய்யப்போகிறீர்கள்?"

"எனக்கு ஒன்றும் வேண்டாம். என் அண்ணனுக்கு வேண்டும்."

தாமார் பழக்கூடையைக் கீழே வைத்தார்.

"அண்ணன் வால்டர் முப்பது வருஷமாகத் தேடுகிறார். இப்போது படுத்துவிட்டார். இதயம் சரியில்லை. இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவது சந்தேகம் என்கிறார் டாக்டர். போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ ஒரு நடை டன்லப் டீச்சரைப் போய்ப் பார்த்துவிட்டு வா, ராபர்ட்டின் அப்பா யாரென்று கேள் என்றார்."

ஹியூ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"என்னை வளர்த்ததே அவர்தான். இதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை."

தாமார் ஒரு பழத்தைத் தன் மேலங்கியில் துடைத்து நீட்டினார்.

"வழியில் எங்கும் நின்றிருக்க மாட்டீர்கள். சாப்பிடுங்கள்."

*

தாமார் ஹியூவை ஓடைக்கு மேலே இருந்த மேட்டுக்குக் கூட்டிப்போனார். முள்ளுப்புதர். வழி தெரியவில்லை. தாமார் ஓர் அரிவாளை ஹியூவிடம் கொடுத்துவிட்டு ஒரு மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டார்.

ஹியூ வெட்டினார். சட்டை கிழிந்தது. கையில் கீறல் விழுந்தது.

புதருக்குள் கற்கள் இருந்தன. வயலில் கிடக்கும் சாதாரணக் கற்கள். கல்லறைக் கற்களாக நட்டுவைக்கப்பட்டிருந்தன. ஒன்றிலும் எழுத்து இல்லை.

"அந்தக் காலத்தில் இங்கே கல் செதுக்கத் தெரிந்தவர் இல்லை" என்றார் தாமார்.

"இதில் எது ராபர்ட்?"

"இதில் ஒன்று."

ஹியூ தொப்பியைக் கழற்றினார். எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் பார்த்தார். கடைசியில் எல்லாக் கற்களுக்கும் பொதுவாக நின்றார்.

"அதுவும் சரிதான்" என்றார் தாமார்.

*

மறுநாள் மாவட்டக் கோர்ட்டின் பழைய பதிவுகளைப் பார்க்கப் போனார்கள்.

ராபர்ட் அங்கே இருந்தார். ஓடைக்கரையில் நிலம் வாங்கியிருந்தார். தன் மாடுகளுக்கு அடையாளமாக இடது காதின் நுனியை நறுக்குவதாகப் பதிந்திருந்தார். கோர்ட்டு வாசலில் கெட்ட வார்த்தை பேசியதற்காக ஒருமுறை அபராதம் கட்டியிருந்தார்.

"என்ன வார்த்தை?" என்று கேட்டார் ஹியூ.

"அதை எழுதக் குமாஸ்தாவுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது."

ஹியூவின் முகம் முதல் தடவையாக இளகியது. அன்று மாலை வரை அவர் நாற்காலியைவிட்டு எழவில்லை. தாமார் இரண்டு தடவை காபி கொண்டுவந்து வைத்தார். இரண்டும் ஆறிப்போயின.

ஆனால் ராபர்ட்டின் அப்பா எங்கும் இல்லை.

"கப்பலில் வந்தவர்கள் பட்டியல்?" என்றார் ஹியூ.

"பிரிட்டிஷ் ராஜாவின் குடிகள் பிரிட்டிஷ் ராஜாவின் துறைமுகத்தில்தானே இறங்கினார்கள். வெளிநாட்டவர் பெயரைத்தான் எழுதினார்கள், இவர்கள் பெயரை யாரும் எழுதவில்லை."

"சர்ச்சில் ஞானஸ்நானம் கொடுத்ததை எழுதியிருப்பார்களே?"

"அவர்கள் போன சர்ச் மரத்தால் கட்டியது. எரிந்துபோயிற்று. உள்ளே இருந்ததும் போயிற்று."

"அயர்லாந்தில்?"

"எந்த ஊர்?"

ஹியூவுக்கு ஊர் தெரியாது. யாருக்கும் தெரியாது.

*

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு தாமார் சொன்னார்:

"ஒரு வழி இருக்கிறது. அந்த ஜனங்கள் மூத்த மகனுக்குத் தாத்தா பெயரை வைப்பார்கள். அப்பாவின் அப்பா பெயர். ராபர்ட்டின் மூத்த மகன் பெயர் என்ன?"

"சாமுவேல்."

"அப்படியென்றால் ராபர்ட்டின் அப்பா சாமுவேலாக இருக்கலாம்."

ஹியூ எழுந்தே விட்டார். "இது போதும் டீச்சர். இதுதான் வேண்டும்."

"இருக்கலாம் என்றேன்."

"அந்த 'லாம்' இல்லாமல் சொல்லிவிட்டால் என்ன? சாமுவேல் என்று சொல்கிறேன். அண்ணன் நிம்மதியாகக் கண்ணை மூடுவார். யாருக்கு என்ன நஷ்டம்?"

"அவரிடம் அது எடுபடாது."

"ஏன்?"

"உங்கள் அண்ணன் நன்றாக நடமாடிக்கொண்டிருந்த காலத்தில் இங்கே வந்திருக்கிறார். அதே மேட்டில் அவரும் முள் வெட்டினார். நான் இப்போது உங்களிடம் சொன்னதை எல்லாம் அவரிடமும் சொன்னேன். இதற்குமேல் தேட இடமில்லை என்பது அவருக்குத் தெரியும்."

ஹியூ மெதுவாக உட்கார்ந்தார்.

"பிறகு என்னை எதற்கு அனுப்பினார்?"

தாமார் தட்டுகளை எடுத்து அடுக்கினார். கழுவினார். துடைத்து அலமாரியில் வைத்தார். அதன் பிறகுதான் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"ராபர்ட்டிலிருந்து ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வாருங்கள். பெயர் மட்டும் போதாது. ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு விஷயம்."

"ராபர்ட். மாட்டின் இடது காதை நறுக்கினவர்."

"பிறகு?"

"அவர் மகன் சாமுவேல். விடுதலைப் போருக்குப் போனார். திரும்பி வந்தபோது ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்தார்."

"பிறகு?"

"ஜேம்ஸ். அவர்தான் ஒஹாயோவுக்குப் போனது. போகும்போது வீட்டு அடுப்பங்கல்லையும் பெயர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாராம். வழி முழுக்க மனைவி அதைக் கீழே தள்ளச் சொல்லிக்கொண்டே வந்தாளாம்."

"பிறகு?"

"ஆண்ட்ரூ. தேனீ வளர்த்தார். வீட்டில் கல்யாணமோ சாவோ நடந்தால் முதலில் தேனீக்களிடம் போய்த்தான் சொல்வார். அவர் மகன் எஸ்றா, எங்கள் தாத்தா. கண் போன பிறகும் ஆப்பிளை முகர்ந்தே எந்த மரத்துப் பழம் என்று சொல்லிவிடுவார்."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் போன் பண்ணுவார். சொல்லிக்கொண்டே இருப்பார். நான் பேப்பர் படித்துக்கொண்டே உம் கொட்டுவேன்." ஹியூ கொஞ்சம் வெட்கப்பட்டார். "காதில் விழுந்திருக்கிறது போலிருக்கிறது."

"பிறகு?"

"தாமஸ். எங்கள் அப்பா."

தாமார் அந்த ஒரு விஷயத்துக்காகக் காத்திருந்தார்.

ஹியூ மேஜைத் துணியின் ஓரத்தை விரலால் நீவினார்.

"எனக்கு இரண்டு வயதில் காய்ச்சலில் இறந்துவிட்டார்" என்றார்.

"அது சாவைப் பற்றி. அவரைப் பற்றி?"

"தெரியாது. அவர் பெயரை எடுத்தால் அம்மா எழுந்து வெளியே போய்விடுவாள். அதனால் நாங்கள் எடுப்பதில்லை. அந்தப் பெயரைச் சுற்றிக்கொண்டே நடக்கப் பழகிவிட்டோம்."

"அப்போது உங்கள் அண்ணனுக்கு எத்தனை வயது?"

"பதினொன்று."

"அவர் சொல்லவில்லையா?"

ஹியூ மேஜைத் துணியிலிருந்து கையை எடுத்தார்.

"நான் கேட்டதில்லை."

தாமார் எழுந்தார். உள்ளே போய் ஹியூவின் கோட்டை எடுத்துவந்தார். அவர் போட்டுக்கொள்ள வசதியாகப் பிரித்துப் பிடித்தார்.

"ராபர்ட்?" என்றார் ஹியூ.

"அவருக்கு அவசரம் ஒன்றும் இல்லை."

*

ஹியூ போய்ச் சேர்ந்தபோது வால்டர் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக மதிய வெயில் போர்வையின்மேல் விழுந்திருந்தது. நர்ஸ் இருவரையும் விட்டுவிட்டு வெளியே போனாள்.

"கிடைத்ததா?" என்று கேட்டார் வால்டர்.

"இல்லை."

"கையெல்லாம் கீறியிருக்கிறதே."

"முள் வெட்டச் சொன்னார்."

"என்னையும்தான்." வால்டர் திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

ஹியூ நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார். பாலத்தின் பாரம் எவ்வளவு, தூண் எவ்வளவு ஆழம் என்று எத்தனையோ பேரிடம் கூசாமல் கேட்டவர். இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அண்ணா, அப்பா எப்படிப்பட்டவர்?"

வால்டர் ஜன்னலைப் பார்த்தார்.

"அம்மா போய் இருபது வருஷம் ஆகிறது. அப்போதே கேட்பாய் என்று நினைத்தேன்" என்றார்.

"நீங்கள் சொல்லியிருக்கலாமே."

"எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதனால் ராபர்ட்டிலிருந்து ஆரம்பித்தேன்."

ஹியூ நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டார்.

"சர்ச்சில் பாடுவார்" என்றார் வால்டர். "ராகமே வராது. அதனால் இன்னும் சத்தமாகப் பாடுவார். அம்மா அவர் விலாவில் இடிப்பாள். குளிர் நாளில் என் பூட்ஸை ராத்திரியே தன் போர்வைக்குள் எடுத்து வைத்துக்கொள்வார், காலையில் நான் போடும்போது சூடாக இருக்க வேண்டும் என்று. நீ பிறந்த அன்றைக்கு உன்னைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, பக்கத்து வீடு ஒவ்வொன்றாகப் போய்க் காட்டிவிட்டு வந்தார். டாக்டர் திட்டினார்."

ஹியூ தன் கோட்டின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார்.

"சிரிப்புதான் வேடிக்கை. சத்தம் வராது. முதலில் தோள் மட்டும் குலுங்கும். பிறகு கண்ணில் தண்ணீர் வரும். எல்லாம் முடிந்த பிறகு, விக்கல் மாதிரி ஒரே ஒரு சத்தம்."

ஹியூ அண்ணனையே பார்த்தார்.

"சின்ன வயதில் சாப்பிடும்போது உனக்கு ஏதேதோ கதை சொல்வேனே" என்றார் வால்டர். "பாதிரியாரின் கழுதை கதை. தொப்பிக்குள் முட்டையை ஒளித்தவன் கதை."

"ஞாபகம் இருக்கிறது. அதில் ஒன்றுகூட நல்ல கதை இல்லை."

"தெரியும்" என்றார் வால்டர். "நீ சிரிப்பதைப் பார்க்கத்தான் சொன்னேன்."

ஹியூவின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. சத்தம் வரவில்லை.

வால்டர் பார்த்துக்கொண்டிருந்தார்.