மீன்களைக் கேட்ட விகடகவி

முன்னொரு காலத்தில், எந்தச் சீமை என்று கேட்டு என்னை வம்பில் மாட்டிவிடாதீர்கள், ஒரு ராஜா அரண்மனைக் குளத்தில் கெண்டை மீன் வளர்த்தார். குளத்து நடு மண்டபத்திலிருந்து அவரே பொரி போடுவார். படித்துறையில் நின்று வேறு யாரும் இரை போடக் கூடாது என்பது கட்டளை.

சில நாளாக முழ நீள மீன்களாகவே காணாமல் போயின. ராஜாவிடம் செல்ல நீர்நாய் ஒன்று, ராணியிடம் நாரை ஒன்று இருந்தன.

"இரண்டில் எது திருடன் என்று விகடகவி சீராளன் நாளைக்குள் சொல்லட்டும், பிரபு. தவறினால் நாடு கடத்துங்கள்" என்று தூபம் போட்டார் அமைச்சர் திருமேனிநாதர். ராஜாவும் தலையசைத்துவிட்டார்.

சீராளன் கணக்குப் போட்டுப் பார்த்தான். நீர்நாய் என்றால் ராஜாவுக்குக் கோபம், நாரை என்றால் ராணிக்குக் கோபம். அதுவும் போகட்டும், முகம் கொடுத்தே பேசாத அமைச்சர் இன்று வெற்றிலை மடித்துக் கொடுக்கிறாரே, ஏன்? மீன் வாடை பட்டாலே குளிக்கிற சுத்த சைவருக்கு மீன் மேல் என்ன இத்தனை அக்கறை? வெற்றிலையை வாங்கிக்கொண்டான், வாயில் போடவில்லை.

ஆற்று மீன் வாங்கி வந்து இரண்டுக்கும் போட்டுப் பார்த்தான். நீர்நாய் கடித்துக் கடித்துத் தின்றது. தலையும் செதிலும் கல்லில் கிடந்தன. நாரை அப்படியே விழுங்கியது, ஆனால் விரல் நீள மீன்தான் தொண்டையில் இறங்கியது. குளக்கரையிலோ ஒரு செதில்கூட இல்லை.

"அடப்பாவிகளா, அப்போ நீங்க ரெண்டு பேரும் இல்லையா!" என்றான்.

மறுநாள் சபையில், "யார் திருடன்?" என்றார் ராஜா.

"பறிகொடுத்தவர்களை யாரும் விசாரிக்கவில்லையே, மகாராஜா. மீன்களைக் கேட்க வேண்டும்."

"மீன் பேசுமா? பைத்தியம் முற்றிவிட்டது!" என்று சிரித்தார் அமைச்சர்.

"பேசாவிட்டால் நானே நாட்டை விட்டுப் போகிறேன். எல்லோரும் படித்துறைக்கு வந்து வெறும் கையைத் தண்ணீரில் வைக்கட்டும்."

நீர்நாய் இறங்கியது, மீன்கள் ஆழத்தில் பதுங்கின. நாரை கால் வைத்தது, மூலைக்கொன்றாகச் சிதறின. தண்ணீர் அடங்கியதும் தளபதி கை வைத்தார், புரோகிதர் கை வைத்தார். ஒன்றும் வரவில்லை. அமைச்சர் தலைவலி என்று நழுவப் பார்த்தார். ராஜா முறைத்த முறைப்பில் குனிந்து கை வைத்தார்.

அவ்வளவுதான்! குளத்து மீன் மொத்தமும் வாயைப் பிளந்துகொண்டு ஓடிவந்து அவர் விரல்களை மொய்த்தது.

"நீர்நாயையும் நாரையையும் கண்டால் ஓடுகிற மீன், வேறு யார் கைக்கும் வராத மீன், இவர் கையை மட்டும் அடையாளம் கண்டு ஓடிவருகிறது. இந்தப் படியில் தினமும் பொரி போட்டுப் பழக்கிப் பிடித்தவர் இவர்தான், மகாராஜா" என்றான் சீராளன்.

"ருசி விடவில்லை, பிரபு..." என்று முனகினார் அமைச்சர்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிச் சீராளன் கழுத்தில் போட்டார். பிறகு அமைச்சரைப் பார்த்து, "நாடு கடத்தச் சொன்னீரே, எல்லை வரைக்கும் வண்டி தயாராக இருக்கிறது. ஏறிக்கொள்ளும்" என்றார்.