எலி வசனம்

சொன்னவருக்கும் யாரோ சொன்ன கதை இது. ரோமாபுரி என்றொரு பட்டணம். அங்கே திருவிழா வந்தால் சாமிக்கு நாடகம் போடுவார்கள். முன் வரிசையில் சாமிக்கு ஒரு நாற்காலி, பக்கத்தில் அதிகாரிக்கு ஒன்று.

அந்த வருஷத்து அதிகாரி வோபிஸ்கன். தானியக் கிடங்கு அவன் பொறுப்பு. தேர்தலில் நிற்க இருந்தான். மேடையில் பேசப் பழக, நடிகர் ஹிலாரனிடம் சீடனாய்ச் சேர்ந்திருந்தான்.

ஹிலாரன் முன்னாள் அடிமை. நடிகர்களைச் சாட்டையால் அடிக்க அதிகாரிக்கு உரிமை உண்டு.

முதல் நாள் நாடகம் நின்றதும் வோபிஸ்கன் அவரிடம் வந்தான். “வாத்தியாரே, உம்ம குழு நடிகன் பிரிமன் என் மானத்தை வாங்கிட்டான்.”

“என்ன சொன்னான், ஐயா?”

“‘எசமான், உங்களுக்கு எலி தேவலை. தின்னது போக மிச்சம் வைக்குது’ன்னான். ஊரே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சுது.”

“அது உங்க தாத்தா பிறக்குமுன்னே எழுதின நாடகம்.”

“அப்போ ஏன் என்னைப் பார்த்தாங்க?”

“நான் என்னத்தைக் கண்டேன்? கிடங்குச் சாவி உங்ககிட்டே இருக்கு.”

வோபிஸ்கன் அன்றைக்குக் கோபத்தில், நாடகத்தோடு ஊதும் குழலை நிறுத்தச் சொல்லியிருந்தான். நடுவில் குழல் நின்றால் சாமி காரியம் கெட்டது என்று அர்த்தம். பலியிலிருந்து எல்லாம் மறுபடி நடக்க வேண்டும் என்றார் பூசாரி.

மறுநாளும் அதே நாடகம். அதே எலி. அன்றும் நிறுத்தினான்.

“நாளைக்கு மூணாம் தடவை. அந்த வசனம் வந்தா, பிரிமன் முதுகுல தோல் இருக்காது.”

“எடுத்துட்டாப் போச்சு.”

“இவ்வளவு சுளுவாவா?”

“முதுகு அவனோடது, ஐயா.”

மூன்றாம் நாள். மேடையில் எசமான் வேஷக்காரன் கிடங்கைப் பூட்டினான். வசனம் வரவேண்டிய இடத்தில் பிரிமன் வாயை மூடிக்கொண்டு நின்றான். குழல் மட்டும் ஊதிக்கொண்டிருந்தது.

ஜனங்கள் உட்கார்ந்திருந்த படிகளில், மேல் படியில் ஒரு மீன்காரி எழுந்தாள்.

“எசமான், உங்களுக்கு எலி தேவலை...”

மீதியை ஊரே சொன்னது.

குழலை நிறுத்தச் சொல்ல வோபிஸ்கனின் கை பாதி உயர்ந்தது.

பூசாரி குனிந்து கேட்டார்: “நாலாம் தடவையா, ஐயா?”

கை இறங்கியது. கடைசி வரை உட்கார்ந்திருந்தான்.

கூட்டம் கலைந்தபின் ஹிலாரனிடம் வந்தான். கூடவே சாட்டைக்காரன்.

“வாத்தியாரே, இப்போ நான் யாரை அடிக்கட்டும்?”

“மேல் படியிலேருந்து ஆரம்பிங்க, ஐயா. எங்க முறை வரும்போது கூப்பிட்டு அனுப்புங்க.”

வோபிஸ்கன் காலிப் படிகளை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான்.

சாட்டைக்காரனை முன்னால் போகச் சொன்னான். பிறகு தானும் போனான்.