ஆள்காட்டி மரத்தில் உட்காராதது ஏன்?

அந்தக் காலத்தில், பறவைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்தபோது, ஒரு கண்மாயின் நடுவில் கருவேலமரம் ஒன்று நின்றது. அதன் கிளையில் ஒரு குருவியும் அவன் பெண்சாதியும் குடியிருந்தார்கள். மஞ்சள் நிறத்தில் நெட்டைக் கால், கறுத்த மார்பு, வெள்ளை வயிறு என்று பார்க்க லட்சணமாகத்தான் இருந்தார்கள். ஆனால் காக்கைக்கும் கொக்குக்கும் பெயர் வைத்த ஊர் இவர்களுக்கு ஒரு பெயர் வைக்க மறந்துவிட்டது. அதில் அவனுக்கு நெடுநாளாக மனத்தாங்கல்.

அந்த வருஷம் அக்கினி நட்சத்திரம் ஈவிரக்கம் இல்லாமல் காய்ந்தது. கண்மாய் வற்றிப் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. கருவேலமரத்தின் வேரடியில் மட்டும் சின்ன ஊற்று ஒன்று கசிந்துகொண்டிருந்தது. குருவி அதைச் சருகு போட்டு மூடி வைத்தான்.

"ஊறுற தண்ணிதான? நாலு பேரு குடிச்சா கொறஞ்சா போயிரும்?" என்றாள் பெண்சாதி.

"ஆடு மாடு வந்து வாய வச்சுச்சுன்னா நாளைக்கு நீயும் நானும் நாக்கு வறண்டு கெடக்கணும். பேசாம இரு."

பயந்தவனுக்குத் தான் சொல்வதெல்லாம் நியாயமாகத்தான் தெரியும்.

ஒரு நாள் உச்சிப் பொழுதில், ஓணான்கூட வெளியே தலைகாட்டாத நேரத்தில், இருளாயி அந்தப் பக்கம் வந்தாள். கண்மாய்க் கரைக்கு அப்பால் ஆட்டுக்கிடை போட்டிருந்த சேவுகனின் மனைவி அவள். வழி தவறிய குட்டியைத் தேடி வந்து, கண்டுபிடித்துத் தோளில் போட்டிருந்தாள். சுரைக்குடுக்கையில் மிச்சமிருந்த தண்ணீரைக் குட்டிக்கே புகட்டிவிட்டாள். குட்டியின் வாய் ஈரமாக இருந்தது. அவள் உதடுதான் வெடித்திருந்தது.

மரநிழலில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஏ சாமி, ஊரெல்லாம் பறக்குற ஆளு நீயி. இங்கன எங்கயாச்சும் தண்ணி இருக்கா?"

அவள் காலடியில்தான் ஊற்று இருந்தது. குருவி மூடிக் கிடந்த சருகை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டான்.

"இங்கன இல்ல தாயி. அந்தா தெரியுது பாரு வடகரை, அங்கிட்டுப் போ, கெடைக்கும்."

பெண்சாதி அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் அவளும் வாயைத் திறக்கவில்லை. அதுவும் தப்புத்தான்.

இருளாயி அவன் சொன்னதை நம்பினாள். நிழலை விட்டு இறங்கி வெயிலில் நடந்தாள். கொஞ்ச தூரம் நேராகப் போனாள். பிறகு கால் ஒரு பக்கமாக இழுத்தது. பக்கத்தில் யாரோ வருவதுபோல் ஏதேதோ பேசினாள்.

"அவ மொகத்தப் பாத்தேன், பொட்டு வேர்வை இல்ல. ஒடம்புல தண்ணியே இல்லைய்யா. விழப்போறா" என்றாள் பெண்சாதி.

"கரை கிட்டத்தான் இருக்கு" என்றான் குருவி. யாருக்குச் சொன்னானோ தெரியாது.

சொல்லி வாய் மூடவில்லை, இருளாயி விழுந்தாள். குட்டி அவளைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. நிழலில் நின்றவளை வெயிலுக்குத் துரத்தியது அவன் வாய்தான். வெட்கம் அவன் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சருகை வாரி எறிந்தான். ஊற்றில் விழுந்து வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிப்போய் அவள் முகத்தில் உதறினான். திரும்ப ஓடினான், திரும்ப நனைத்தான். ஒரு குருவி வயிற்றில் எவ்வளவு தண்ணீர் நிற்கும்? அவள் கண் திறக்கவில்லை. கடைசியில் வானத்தில் ஏறித் தொண்டை கிழியக் கத்தினான்.

"இங்கிருக்கு! இங்கிருக்கு!"

கரையில் தேடிக்கொண்டிருந்த சேவுகனும் தம்பிமாரும் அந்தச் சத்தம் கேட்டு ஓடிவந்தார்கள். அவளை மரநிழலுக்குத் தூக்கிவந்து, ஊற்றில் துணியை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து விசிறினார்கள். அவள் கண் விழித்து, விழுங்கத் தெம்பு வந்த பிறகு, உப்புப் போட்ட நீராகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள்.

வெயில் தாழ்ந்தபோது இருளாயி எழுந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டதும் அவன் சொன்ன பதிலும் அவளுக்கு நினைவில் இல்லை.

"இந்தக் குருவிதான் புள்ள ஒன்னயக் காட்டிக்கொடுத்துச்சு" என்றான் சேவுகன்.

காட்டிக்கொடுத்தது! அவன் ஒன்றை நினைத்துச் சொன்னான், குருவிக்கு இன்னொன்றாகக் கேட்டது. தலையைக் குனிந்துகொண்டான்.

இருளாயி கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆளக் காட்டுன சாமிய்யா நீ. இனிமே ஒம்பேரு ஆள்காட்டிதான்."

எத்தனையோ நாள் ஏங்கிய பெயர். அது கிடைத்த நேரத்தில் அவனுக்கு நாண்டுகொண்டு சாகலாம்போல் இருந்தது. 'இல்லைன்னு பொய் சொன்னவன் நான்தான் தாயி' என்று சொல்ல வாயைத் திறந்தான். கிழிந்த தொண்டையிலிருந்து அந்த ஒரு சொல்தான் வந்தது.

"இங்கிருக்கு!"

இருளாயி சிரித்தாள். "ஆமாய்யா, ஒம்புண்ணியத்துல இங்கதான் இருக்கேன்."

அவன் அழுதான். கண்ணைச் சுற்றித் தோல் சிவக்க அழுதான். அந்த நிழலில் அதற்குமேல் நிற்க அவனுக்கு மனம் வரவில்லை. வெயிலுக்கு இறங்கி நடந்தான். பெண்சாதியும் அவன் பின்னால் நடந்தாள்.

அன்று முதல்தான் ஆள்காட்டிக் குருவி மரத்தில் உட்காருவதில்லை. கொளுத்தும் கோடையில் வெட்டவெளியில் முட்டையிட்டு, வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவந்து குளிரவைக்கிறது. தூரத்தில் ஒரு தலை தெரிந்தால் போதும், இரவென்றும் பகலென்றும் பார்க்காமல், யாரும் கேட்பதற்கு முன்பே, "இங்கிருக்கு, இங்கிருக்கு" என்று கத்திவிடுகிறது.