முதுகு காட்டிய ஆர்க்கிட்

லோகநாயகி மாடிப்படியில் வழுக்கி விழுந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எலும்பு கூடிவிட்டது. "இனி தாராளமா நடங்க" என்று டாக்டரும் சொல்லிவிட்டார். வீட்டுக்குள் அவளும் தாராளமாகத்தான் நடந்தாள். வாசலைத் தாண்டி அந்தப் படியில் மட்டும் கால் வைக்கவில்லை. காய்கறி, கயிற்றில் கட்டிய கூடையில் மேலே வந்தது. அண்ணன் மகள் கல்யாணத்துக்குக்கூட அவள் போகவில்லை.

"ஏன் வரல?" என்று கேட்டவர்களிடம், "இந்தச் செடிய யாரு பாத்துக்குவாங்க?" என்றாள்.

செடி, மகன் வாங்கிக் கொடுத்த ஆர்க்கிட். தெருப் பக்கத்து ஜன்னல் திட்டில் இருந்தது. அதைப் பற்றி அவளுக்கு ஓயாத சந்தேகங்கள். தண்ணீர் கூடிப் போச்சோ, குறைஞ்சு போச்சோ, மண்ணே இல்லாத சட்டியில் வெறும் கரியிலும் தேங்காய் மட்டையிலும் ஒரு செடி எப்படிப் பிழைக்கும்? எல்லாவற்றையும் எதிர்வீட்டு ஷமீமாவிடம்தான் கேட்பாள். ஷமீமாவின் ஜன்னலில் ஆர்க்கிட்டுகள் வரிசையாகப் பூக்கும். தன்னைவிட இருபது வயது சின்னவள்தான். இருந்தாலும் லோகநாயகி அவளைக் "குருவே" என்று கூப்பிட ஆரம்பித்தாள். கேலியாக ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது.

முதல் தடவை வந்த மொட்டுகள் பழுத்து உதிர்ந்தன.

"குருவே, மொட்டெல்லாம் ஏன் கொட்டிப் போச்சு கண்ணு? ஒரு குறையும் வெக்கலியே. தினமும் காலையில சட்டிய என் நாற்காலியப் பாத்தாப்ல திருப்பி வெப்பேன். உக்காந்து பாத்துட்டே இருப்பேன்."

செடியைப் பார்க்க ஷமீமா மேலே வந்திருந்தாள். லோகநாயகி அப்போது சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, ரவிக்கைக்குக் கொக்கி தைக்க ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஷமீமா நாற்காலியை மெல்ல சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாள்.

லோகநாயகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஷமீமா மறுபடியும் திருப்பினாள்.

"அட, என்ன விளையாட்டு இது?"

மறுபடியும் திருப்பினாள். நூல் நழுவிப் போனது.

"சும்மா இரு கண்ணு! வெளிச்சம் அங்கிட்டுத்தான இருக்குது!"

"அதுக்கும் அங்கிட்டுத்தானுங்க்கா இருக்குது" என்று செடியைக் காட்டிச் சொல்லிவிட்டு ஷமீமா கிளம்பிப் போனாள்.

அன்றிலிருந்து லோகநாயகி சட்டியைத் திருப்பவில்லை. கை துறுதுறுத்தால் முந்தானையைப் பிடித்துக்கொள்வாள்.

அடுத்த பூந்தண்டு வந்தது. வளர்ந்து வளர்ந்து ஜன்னல் கம்பிக்கு நடுவே புகுந்து வெளியே தலையை நீட்டியது.

"ஐயோ, தெருவுக்குப் போகுதே! உள்ள இழுத்துக் கட்டட்டுமா?"

"போகட்டும் விடுங்க்கா."

"காக்கா கொத்திருச்சுன்னா?"

"உங்க சத்தத்துக்கு எந்தக் காக்கா வரும்?"

ஒருநாள் காலையில் பூத்துவிட்டது. ஒரே வரிசையில் பெரிய பெரிய பூக்கள். எல்லாம் தெருவைப் பார்த்து. லோகநாயகிக்குத் தெரிந்ததெல்லாம் வெளிறிய பின்பக்கமும் காம்பும்தான். கைக்கண்ணாடியைக் கம்பிக்கு வெளியே நீட்டிப் பார்த்தாள். கரண்டு கம்பி தெரிந்தது, கொஞ்சம் வானம் தெரிந்தது.

கீழே யாரோ, "அடேயப்பா!" என்றார்கள். எட்டிப் பார்த்தாள். இஸ்திரி வண்டிக்காரர் அண்ணாந்து நின்றார். பள்ளிக்கூட வேனுக்குக் காத்திருந்தவர்களும் அண்ணாந்து நின்றார்கள். நடுவில் ஷமீமா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"குருவே! எப்படி இருக்குது?"

"அம்சமா இருக்குதுங்க்கா!"

"என்ன கலரு?"

"சொல்லத் தெரியலீங்க்கா."

"ஒரு போட்டோ எடுத்து அனுப்பு."

"போன்ல சார்ஜ் இல்லீங்க்கா."

"இப்பத்தான அரைமணி நேரம் பேசிட்டு இருந்தே?"

"அதான் தீந்து போச்சு."

"சாமத்தியக்காரி! ஊரெல்லாம் பாக்குது, வளத்தவ பாக்க வேண்டாமா?"

"யாரு வேண்டாம்னா?"

லோகநாயகி கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பூக்களின் முதுகைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். பிறகு விடுவிடுவென்று போய்க் கதவைத் திறந்தாள்.

முதல் படியில் கால் வைத்தாள். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மனசாட்சி இல்லாதவ" என்று ஷமீமாவைத் திட்டினாள். ஒரு படி இறங்கினாள். "இத்தனை செங்குத்தாவா கட்டுவான்?" என்று கட்டினவனைத் திட்டினாள். இன்னொரு படி. மகனைத் திட்டினாள். திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கி, நன்றியில்லாத அந்தச் செடியைத் திட்டினாள். திட்ட வேறு ஆள் கிடைக்காமல் யோசித்தபோது, காலடியில் தெரு சுட்டது. செருப்புப் போடாமல் வந்திருந்தாள்.

அண்ணாந்து பார்த்தாள்.

வெயில் பூக்களுக்குள் புகுந்து வந்துகொண்டிருந்தது. ஊதாவா ரோஸா என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு பூவின் நடுவிலும் மஞ்சளாக ஒரு சின்ன நாக்கு. இரண்டாவது மாடியின் அந்தப் பழைய சுவரே கல்யாண வீடு மாதிரி இருந்தது.

"யாரு வளத்தது?" என்று வேனுக்கு நின்ற ஒருத்தி கேட்டாள்.

"நான்தான்" என்றாள் லோகநாயகி. அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. இஸ்திரிக்காரர், "அம்மாவை இத்தன நாளாக் காணோமே!" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்படியும் மனசு ஆறாமல் ஷமீமாவைப் பார்த்துத் திரும்பினாள்.

"எல்லாஞ் செரி, குருவே. வீட்டுக்குள்ள பாத்தே பூக்கற மாதிரி ஒண்ணும் கெடைக்காதா?"

"கெடைக்கும்க்கா. பிளாஸ்டிக்ல. கடை வீதியில விக்கறாங்க. நடங்க, போய்ப் பாத்துட்டு வரலாம்."