ராஜா பால் காய்ச்சிய வீடு

முன்னொரு காலத்தில் கானலூர் நாட்டை மதங்கவர்மன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். ஆண்டார் என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன். பாதி நாள் உப்பரிகையில் நின்று தன் ஊரின் அழகைத் தானே மெச்சிக்கொண்டிருப்பார், மீதி நாள் தூக்கம். வேலையெல்லாம் மந்திரி சேந்தனார் தலையில்.

அந்த வருஷம் ஆற்றில் வெள்ளம் வந்து கரையோரக் குடிசைகளை அடித்துக்கொண்டு போயிற்று. ஜனங்கள் சத்திரத்தில் ஒண்டிக்கொண்டார்கள். ராஜாவுக்கு மனசு இளகிவிட்டது. அதில் குறை சொல்ல முடியாது, மனுஷன் நல்லவர்தான். "இவர்களுக்கு வீடு, வைத்தியசாலை, பள்ளிக்கூடம் எல்லாம் கட்டும்!" என்று கட்டடத் தலைவர் விடங்கருக்கு உத்தரவு போட்டார்.

விடங்கருக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. இந்த ஒரு வேலையில் ராஜாவை மயக்கி, மந்திரியை ஓரங்கட்டிவிடலாம் என்று பார்த்தார். அதனால் உப்பரிகையிலிருந்து எப்படித் தெரியும் என்பதை மட்டுமே யோசித்துக் கட்டினார். வீடுகளின் முன்சுவர் முழுக்கக் கல்லில் சிங்கம். படம் வரைந்து கொடுத்தவர் சாட்சாத் ராஜாவே. பல்வலி வந்த பூனை மாதிரி இருக்கும், ஆனால் அதைச் சொல்ல யாருக்குத் தைரியம்? சிங்கத்துக்கு இடம் வேண்டுமென்று ஜன்னலே வைக்கவில்லை. விடங்கர் வீட்டில் சமையல் நடப்பது எங்கோ பின்கட்டில். அதனால் அடுப்பங்கரை என்ற ஒன்று அவர் நினைவுக்கே வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வானளாவக் கூரை. வாத்தியார் கேள்வி கேட்டால் கூரை அதையே திருப்பித் திருப்பி அவரிடம் கேட்கும். வைத்தியசாலையோ குன்றின் உச்சியில், செங்குத்துப் படிகளுக்கு மேலே.

ஜனங்கள் வந்து பார்த்தார்கள். வந்த வழியே சத்திரத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

"நன்றி கெட்டவர்கள், அரசே! தங்கள் சிங்கம் அவர்களுக்குப் பிடிக்கவில்லையாம்" என்று சபையில் கொளுத்திப் போட்டார் விடங்கர்.

"என் சிங்கமா? வெள்ளிக்கிழமைக்குள் குடியேறாதவன் இந்த ஊரைவிட்டே போகட்டும்!" என்று ராஜா சீறினார்.

கருவாடு விற்கும் ஆவுடை மந்திரி வீட்டு வாசலில் வந்து நின்றாள். "சாமி, மழைக்காலத்துல கைப்பிள்ளைங்களத் தூக்கிக்கிட்டு எங்க போவோம்? அந்த வூட்டுல அடுப்பு மூட்டினா நாங்களே கருவாடாயிடுவோம். சீக்காளி அத்தினி படி ஏறி வைத்தியரப் பாக்க முடியுமா? ராசாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

சேந்தனார் கணக்குப் போட்டுப் பார்த்தார். சிங்கத்தைக் குறை சொன்னால் தலை போகும். சொல்லாவிட்டால் அத்தனை குடும்பமும் நடுத்தெருவில் நிற்கும். ஒரு கவுளி வெற்றிலையைக் குதப்பித் தீர்த்துவிட்டுச் சபைக்குக் கிளம்பினார்.

"அரசே, ஜனங்களுக்குச் சிங்கத்தின் மேல் என்ன கோபம்? யாரும் இன்னும் பால் காய்ச்சவில்லை. பால் காய்ச்சாத வீட்டில் எவர் குடியேறுவார்? யாருடைய வீடோ, அவர்தானே காய்ச்ச வேண்டும்?"

"வீடு என்னுடையது, சிங்கமும் என்னுடையது. அப்படியானால் நானே காய்ச்சுகிறேன்!" என்று ராஜா துள்ளினார்.

இந்த யோசனை தனக்கு வராமல் போயிற்றே என்று விடங்கருக்கு வயிறு எரிந்தது. மந்திரி ஒரு சின்னச் செம்பைக் கொண்டுவரச் சொன்னார். "மகாராஜாவுக்குச் செம்பா? அண்டா கொண்டுவாருங்கள்!" என்று விடங்கர் குதித்தார். மந்திரி உடனே ஒதுங்கி வழிவிட்டார்.

வியாழக்கிழமை காலை புது வீடுகளில் ஒன்றின் முன்னே ஊரே கூடியது. அடுப்புக்கு இடம் தேடித் தேடி, கடைசியில் நடுக்கூடத்தில் மூன்று கல்லைப் போட்டார்கள். மழையில் நனைந்த விறகு. காற்றில் அணைந்தால் அபசகுனம் என்று விடங்கரே கதவைச் சாத்தினார். மந்திரி துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு கதவோரமாக உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் ராஜா எங்கே இருக்கிறார் என்பதே தெரியவில்லை. இருமல் மட்டும் கேட்டது.

"பால் பொங்கும்வரை எழுந்திருக்கக் கூடாது, அரசே" என்றார் மந்திரி, துண்டுக்குள்ளிருந்து.

"எப்போதய்யா பொங்கும்?"

"அண்டா அல்லவா, அரசே."

அவ்வளவுதான். ராஜா கதவை உதைத்துத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தார். கண்ணில் தாரை தாரையாக நீர், மீசையெல்லாம் கரி, கிரீடம் காதில் தொங்கியது. கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஆவுடை மட்டும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"வைத்தியர்! வைத்தியர் எங்கே?"

விடங்கர் குன்றைக் காட்டினார். அந்தப் படியில் பல்லக்கு ஏறாது. ராஜா இருமிக்கொண்டே ஏறினார், பாதியில் பொத்தென்று உட்கார்ந்தார். "அட முட்டாளே! இத்தனை படி ஏறத் தெம்பு இருப்பவனுக்கு வைத்தியம் எதற்கடா?"

சேந்தனார் கைகட்டி நின்றார். துணிந்து சொல்லிவிட்டார். "இதையேதான் அரசே அந்த ஜனங்களும் சொன்னார்கள். அடுப்பைப் பற்றியும் சொன்னார்கள். நாளைக்கு அவர்களை ஊரைவிட்டுத் துரத்துகிறோம்."

ராஜா கீழே பார்த்தார். பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜனங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு வெட்கமாகப் போயிற்று.

"மந்திரியாரே, அந்தச் சிங்கம்... அவ்வளவு மோசமா?"

"கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் போதும், அரசே. ஜனங்கள் மூச்சு விட்டுக்கொள்வார்கள்."

ராஜா சிரித்தார், சிரித்து மறுபடி இருமினார். முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார். அதிலும் புகை நாற்றம். "யாரும் எங்கும் போக வேண்டாம். வைத்தியசாலை கடைத்தெருவுக்கு இறங்கட்டும். வாத்தியாரைக் கேட்டுப் பள்ளிக்கூடத்தையும், குடியிருக்கப் போகிறவர்களைக் கேட்டு வீடுகளையும் திருத்துங்கள். விடங்கரே, அதுவரை நீர் நான் பால் காய்ச்சிய வீட்டில் குடும்பத்தோடு இரும். சமையலும் அங்கேயேதான்."

"இருக்கிறேன் அரசே. ஆனால் என் கலையில் ஒரு கல்லைக்கூட அசைக்க விடமாட்டேன்!" என்று முறுக்கினார் விடங்கர்.

மறுநாள் காலை ராஜாவும் மந்திரியும் உப்பரிகையில் நிற்கும்போது டம் டம் என்று சத்தம் கேட்டது. விடங்கரின் மனைவி பூங்காவனம் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, உலக்கையால் அந்த வீட்டின் முன்சுவரை இடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புகையில் கண்ணைக் கசக்கியபடி நின்ற விடங்கர் சொல்லிக்கொண்டிருந்தார்:

"இன்னும் கொஞ்சம் பெரிசா இடிம்மா, போதல!"