பந்தலுக்குப் பாரம்

கடலோரத்து வேட்டங்குடியில் மிராசுதார் அம்பலவாணர் முன்னால் பண்ணையாட்கள் யாரும் உட்காரக் கூடாது. மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போட வந்த செம்பாயியிடம் அவர், "புதுக் கல்தளம். ஒரு குழிகூடத் தோண்டக் கூடாது. பந்தல் பறந்துச்சோ, உன் குடிசையைப் பிரிச்சுப் போட்டுடுவேன்!" என்றார்.

"குழி வேண்டாங்க, பாரம் இருந்தாப் போதும்" என்ற செம்பாயி, பந்தல் கால்களின் அடியில் நீளப் பலகைகளை வைத்து இறுக்கிக் கட்டினாள்.

முகூர்த்த நேரத்தில் கடற்காற்று சீறிக்கொண்டு வந்தது. கூரை உப்பியது. கால்கள் தரையை விட்டு எழும்பின! மிராசுதார் ஓடிப்போய் ஒரு காலைக் கட்டிப்பிடித்தார். அது அவரையும் சேர்த்துத் தூக்கியது.

"பாரம் எங்கேடி?" என்று அலறினார்.

"அதோ, வெளியே கைகட்டி நிக்குதுங்க. உட்காரச் சொல்ல ஐயாவாலதான் முடியும்."

"உட்காருங்கப்பா! எல்லாரும் ஓடியாந்து உட்காருங்க!"

பண்ணையாட்கள் பாய்ந்து வந்து பலகைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். கால்கள் தரையில் பதிந்தன. தாலி ஏறியது. செம்பாயிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

காற்று தணிந்ததும் மிராசுதார், "போதும், எழுந்திருங்க" என்றார்.

"மறுபடி அடிச்சா என்ன பண்றதுங்க? இவங்களுக்கு இங்கேயே இலை போட்டுடலாமே?" என்றாள் செம்பாயி.

மிராசுதார் வானத்தைப் பார்த்தார்.

"பாயசமும் ஊத்து" என்றார்.