இடப்பக்கம் இழுக்கும் வண்டி

மாசிலாமணி ஓய்வு பெற்ற சர்வேயர். பாதித் தாலுகாவுக்கு எல்லைக்கல் நட்ட மனிதருக்கு ஒரு சின்னக் காரின் இரண்டு முன்சக்கரங்கள் பிடிபடவில்லை.

கார் அவர் மகள் பூங்கோதையுடையது. வண்டி இடப்பக்கம் இழுக்கிறது, கொஞ்சம் பாருங்கள் அப்பா என்று அவள் சொன்னபோது, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் பார்க்கலாம் என்றார். அந்த வாரமே காய்ச்சலில் படுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை. பெற்ற பிள்ளை கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான். அதையாவது செய்து முடிக்க வேண்டுமென்று மனிதர் கிடந்து தவித்தார்.

பட்டறைக்கு அனுப்ப மனசு வரவில்லை. வீட்டு வாசலில் வைத்தே பார்த்துவிடலாம் என்று வண்டியைச் சுற்றி நூல் கட்டி, முன்சக்கரங்கள் இரண்டும் நேராக நிற்கின்றனவா என்று டேப்பால் அளந்தார். பிறகு சக்கரத்தோடு சாத்தி வைக்கிற அலுமினியத் தகடுகள் வாங்கினார். அதற்கும் பிறகு லேசர் விளக்கு வந்தது. எதை வைத்தாலும் ஒரு சக்கரம் உள்ளே பார்த்தது, மற்றது வெளியே பார்த்தது. கருவிகளைத் திட்டித் தீர்த்தார். பாவம், அவை என்ன செய்யும்?

மலையடிவாரத்துச் சாமியிடம் போனார். சாமி அவரைவிட வயதில் நன்றாகவே சின்னவர். காவி கட்டுவதற்கு முன் பாலிடெக்னிக்கில் மோட்டார் பாடம் நடத்தியவர். ஞானம் கேட்டு வருகிறவர்களை டீ கொடுத்து அனுப்பிவிடுவார், வண்டிக் கோளாறு என்றால் நிமிர்ந்து உட்காருவார் என்று ஊரில் கேலி உண்டு. மகள் போன பிறகு மாசிலாமணிக்குப் போய் உட்கார இருந்த ஒரே இடம் அது.

"எந்தக் கருவி நிஜத்தைச் சொல்லும் சாமி?"

சாமி செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

வாசலில் குனிந்து முன்சக்கரங்களைப் பார்த்தார். இரண்டும் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றன.

"ஸ்டீயரிங்கை நேராக்கிட்டுத்தானே அளக்கணும், ஐயா?"

"தெரியும் சாமி."

"அப்புறம்?"

மாசிலாமணி கார்க் கதவில் கை வைத்தார்.

"அவ கடைசியா ஓட்டிட்டு வந்த அன்னைக்கு இங்க ஒரு செங்கல் லாரி நின்னுச்சு. ஒதுக்கி ஒடிச்சு நிறுத்திட்டு இறங்கினா. அவ விட்டது அப்படியே இருக்கு. நான் தொடலை."

பேட்டரி இறங்கிவிடாமல் இருக்கத் தினமும் உள்ளே உட்கார்ந்து என்ஜினை ஓடவிடுவாராம். அதை அணைக்கும்வரை கைகளை மடியிலேயே வைத்திருப்பாராம். இதைச் சொல்லும்போது அவர் அழுதார். மறைத்துக்கொள்ளவும் இல்லை.

சாமி நூலை அவிழ்த்துப் பொறுமையாகச் சுற்றினார்.

"இழுக்குதுன்னு பொண்ணுக்கு எந்தக் கருவி சொல்லுச்சு?"

இதென்ன கேள்வி என்பதுபோல் மாசிலாமணி பார்த்தார்.

"கருவி ஏது சாமி. ஓட்டும்போது கையில தெரிஞ்சிருக்கும்."

சாமி இடப்பக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துகொண்டார்.

"அவ பிடிச்ச இடத்துல பிடிச்சு ஓட்டுங்க ஐயா. அவளுக்கு இழுத்த மாதிரியே உங்களுக்கும் இழுக்கும்."